கல்லுக்கு வந்த பவுசு

பவளப்பாறை இடுக்குல குட்டித் தூக்கம் போட்டு எந்திரிச்ச ஆமையக்கா, மூச்சு வாங்கலாம்னு மேல பாத்தா. சுற்றுலா போட்டுல வந்த கூட்டம் மொத்தமும் கண்ணாடி மாட்டிக்கிட்டு, வாயில குழாயோட குப்புற மிதக்குது.

"மேல போனா போட்டோ எடுக்காம விடமாட்டாங்களேடா! எனக்கு மூச்சு முட்டுது"ன்னா.

பக்கத்துல நின்ன கிளிமீன் கேட்டுச்சு, "யக்கா, இவங்க ஆமைய முன்னபின்ன பாத்திருக்காங்களா?"

"பாத்திருந்தா ஏன்டா இம்புட்டுத் தூரம் வர்றாங்க?"

"அப்ப கவலைய விடு."

கிளிமீன் ஒரு உருண்டைக் கல்லச் சுத்திச் சுத்தி வந்துச்சு. ஆமை காட்டுறேன்னு சத்தியம் பண்ணிக் கூட்டியாந்த கைடு, "அப்பாடா, அதோ ஆமை!"ன்னு அந்தப் பக்கம் கைய நீட்டினாரு. அவ்வளவுதான், கூட்டமே கல்லுக்கு மேல கூடிக் கேமராவத் தூக்கிருச்சு. அந்தக் கேப்புல ஆமையக்கா போட்டுக்குப் பின்னாடி தலைய நீட்டி, ஆற அமர மூச்சு வாங்குனா.

கூட்டம் கெளம்புனதும் கிளிமீன் ஓடி வந்து, "கல்லண்ணே, பெரிய உதவிண்ணே!"ன்னுச்சு.

கல்லு குரலையே மாத்திக்கிச்சு. "யாருடா கல்லு? மரியாதையா ஆமைன்னு கூப்பிடு."