நாற்பத்தேழாம் எண்

பட்டா இல்லை என்று இதோடு மூன்றாவது முறை சொல்கிறாள்.

வைகை வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருஷம், பட்டா டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. ரேஷன் கார்டு அதற்குப் பிறகு எடுத்தது. மாற்று வீடு கொடுக்க, முப்பது வருஷம் இங்கேயே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். கார்டு இருபத்தாறுதான் சொல்கிறது.

தாலுகா ஆபீஸ்காரர் ஃபைலை மூடினார்.

அவள் வீட்டுப் பின்கட்டில் பெரிய குழி. கழிவறைக்குத் தோண்டும்போது பானை ஓடு கிடைக்கப்போய், இப்போது தெருவையே எடுத்துக்கொள்கிறார்கள். மியூசியம் வரப்போகிறது. தெருமுனையில் அதற்குள் பலகை வைத்தாயிற்று. ‘மதுரை: மக்கள் இடைவிடாமல் வாழ்ந்துவரும் தொன்மை நகரம்.’

எந்த மக்கள் என்று பலகையில் இல்லை.

நீலத் தார்ப்பாயில் ஓடுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் சீட்டு.

நாற்பத்தாறாவது ஓட்டில் யாரோ கீறிய மூன்று எழுத்து. ஒரு பெயர். காலையில் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அகழாய்வு அதிகாரி குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே இங்கே ஒருத்தன் குடியிருந்திருக்கிறான், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார். தாலுகா ஆபீஸ்காரரும் சேர்ந்து கைதட்டினார்.

இரண்டாயிரம் வருஷத்தை நம்புகிற மனுஷனுக்கு முப்பது வருஷத்தை நம்ப முடியவில்லை.



அவள் வீட்டுக்குள் போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

இடுப்பிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். தார்ப்பாயில், நாற்பத்தாறுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றாக வைத்தாள். பெயர் வெட்டிய பக்கம் தெரியும்படி.

மாமனாரின் வெண்கலப் பானை. பெயர், தெரு, 1964.

கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டார் கொடுத்த பித்தளைக் குடம். 1986.

மகனுக்குக் காது குத்தியபோது வந்த தூக்குவாளி. மகன் துபாயில் இருக்கிறான். வாளி இங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஓர் எவர்சில்வர் சொம்பு. சொந்தக் காசில் வாங்கி, கடையிலேயே நின்று, தன் பெயரையே வெட்டச் சொன்னது. ‘பஞ்சவர்ணம், ஓடக்காரத் தெரு.’ விளிம்பு நசுங்கியிருந்தது.

“சொம்பெல்லாம் ஒரு ஆதாரமாம்மா?” தாலுகா ஆபீஸ்காரர் சிரித்துவிட்டார்.

“அவன் பானையில கீறுனான். நாங்க சொம்புல வெட்டுனோம். அவங்கிட்ட பட்டா கேட்டீகளா?”



அகழாய்வு அதிகாரி குனிந்து சொம்பைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு, சீட்டு எழுதும் மாணவியைப் பார்த்துத் தலையசைத்தார்.

47. 48. 49. 50.

மாணவி கறுப்பு வெள்ளை அளவுகோலைக் கொண்டுவந்து சொம்போடு ஒட்டி வைத்தாள். கேமராவை எடுத்தாள்.

“கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா.”

அவள் தள்ளவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சொம்புக்கு அடுத்தாற்போல், தார்ப்பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மாணவி கேமராவை இறக்கினாள்.

இன்னொரு சீட்டைக் கிழித்தெடுத்தாள். 51.