ஒரே ஒரு கோளாறு

"ஒரே ஒரு கோளாறு பண்ணி வை. குளிச்சிட்டு வந்து கண்டுபிடிக்கிறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நாளைக்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் கோளாறு கண்டுபிடிக்கும் தேர்வு. போன முறை ஊற்றிக்கொண்டது. அவளோ முதல் தடவையிலேயே தேறி வேலைக்கும் போகிறவள்.

தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் மேஜைமுன் உட்கார்ந்தான். பயிற்சிக்காக அவன் கோத்து வைத்திருந்த இரண்டு ரவுட்டர், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு சுவிட்ச். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"நடிக்குதுங்க" என்று முறைத்துவிட்டு, ரவுட்டர்களின் முகவரிகளை மாற்றினான். கேபிளைப் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகினான்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "அண்ணா, ஒண்ணு சொல்லணும்..."

"வாயைத் திறக்காதே! உன் க்ளூ எனக்கு வேண்டாம்."

சுவிட்சின் செட்டிங்ஸை மொத்தமாக அழித்துத் திரும்ப எழுதினான். எரிந்த விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அண்ணா..."

"போடி அந்தப் பக்கம்!"

சாயங்காலம் கீபோர்டைத் தள்ளிவிட்டான். "தோத்துட்டேன். சொல்லித் தொலை, எதைக் கெடுத்து வெச்சே?"

"அதைத்தான் அப்போலேர்ந்து சொல்ல வர்றேன். நீ குளிக்கப் போனதும் ஆபீஸ்ல இருந்து போன் வந்துடுச்சு. நான் எதையும் தொடவே இல்லைண்ணா. நீ வந்து உட்கார்ற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது."