ரோஸ் கலர் வீடு

நிறைமாதச் சுண்டெலி பவளம், புறநகரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு பார்க்கப் போனாள். மாடிச் சுவரில் இருந்த பொந்துக்குச் சொந்தக்காரர் பெருச்சாளி கோவர்த்தனம்.

"உள்ளே எல்லாமே புதுசும்மா. பெயிண்ட், தரை, வாசலுக்குத் திரை!" என்றார் அவர் பெருமையாக.

"மழைக்கு ஒழுகுமா சார்?"

"அந்த ரோஸ் கலரைப் பாரும்மா! இந்த ஏரியாவிலேயே யாருக்கும் கிடையாது."

பவளத்துக்கும் ரோஸ் பிடித்துப்போயிற்று. குடிவந்தாள், நான்கு குட்டிகளும் பிறந்தன. முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கி, ரோஸ் பெயிண்ட் கரைந்து குட்டிகளின் மேல் வழிந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் இருந்த கோவர்த்தனத்தின் வீட்டுக்கு ஓடினாள். அந்த அழுக்குப் பொந்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"இங்கே எல்லாம் பழசும்மா, உனக்குச் சரிப்படாது," என்று அவர் பதறினார்.

"பரவாயில்லை சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்," என்று சொல்லி அவள் குட்டிகளை அவர் வயிற்றோடு சேர்த்துப் படுக்கவைத்தாள். நான்கும் அந்தச் சூட்டில் உடனே தூங்கிவிட்டன. கோவர்த்தனம் அசையப் பயந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, மழை நிற்கும்வரை அப்படியே கிடந்தார்.