மனைவியின் சம்மதம்

தூத்துக்குடியில் அரசாங்கமே போதைப்பொடிக் கடை திறந்தபோது ஜெசிந்தா நிம்மதியடைந்தாள். இனி அவள் கணவன் ரெக்சனைப் போலீஸ் அடிக்காது, கலப்படப் பொடி கொல்லாது. மனைவி கைரேகை வைத்துச் சம்மதித்தால்தான் பொடி தருவார்கள் என்பது சட்டம்.

ஆரம்பத்தில் வைத்தாள். அளவு கூடிக்கொண்டே போனதும் மறுத்தாள். ரெக்சன் அவள் முடியைப் பிடித்துக் கடைவரை இழுத்துவந்து, கையை முறுக்கி, பெருவிரலை இயந்திரத்தில் அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்தது. பொட்டலம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தவள், பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

மறுநாள் இயந்திரம் அவள் விரல்களை ஏற்கவில்லை. “ஏட்டி, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க?” என்று ரெக்சன் அவள் தலையைச் சுவரில் மோதினான்.

கடை ஊழியர் பதறி எழுந்தார். “அடிக்காதீங்கண்ணே! பொண்டாட்டி ரேகை விழலன்னா வீட்டுல வேற பெரியாளு வச்சாலும் செல்லும். ஒங்க மவளுக்குப் பதினெட்டு ஆயிட்டுல்லா?”

ரெக்சன் பிடியை விட்டான். “ஆயிட்டு. இப்பவே கூட்டிட்டு வாரேன்.”

ஜெசிந்தா அலறிக்கொண்டே, வெந்த கைகளால் கடையில் கிடந்த இரும்பு முக்காலியைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினாள். அவன் விழுந்த பிறகு முக்காலியை மறுபடி ஓங்கிக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.