விருந்தினர் உள்ளே வந்துள்ளார்

“விருந்தினர் உள்ளே வந்துள்ளார்.”

இருட்டி அரைமணி நேரம் இருக்கும். படுக்கையறையில் குழந்தைக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். குரல் ஹாலிலிருந்து வந்தது. பெண் குரல். ரயில் நிலையத்தில் அறிவிப்பார்களே, அந்த மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

விருந்தினரா? வீட்டில் நானும் எட்டு மாதக் குழந்தையும்தான்.

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஹாலில் ஒருவரும் இல்லை.

“சாளரம் திறக்கப்பட்டது.”

எங்கள் கான்வென்டில் தமிழ் இரண்டாம்பட்சம்தான். சாளரம் என்றால் ஜன்னல் என்று ஞாபகம் வர ஒரு நிமிடம் பிடித்தது. வந்ததும் விளக்குகளைப் போட்டுக்கொண்டே ஓடினேன். ஹால், சமையலறை, குளியலறை. எல்லா ஜன்னலும் சாத்தித்தான் இருந்தன.

ஹாலுக்குத் திரும்பி வந்து கணவருக்குப் போன் போட்டேன். கிடங்கில் சூப்பர்வைசர். மதியம் போனால் பத்து மணிக்கு மேல்தான் வருவார்.

“என்னங்க, ஹால்ல யாரோ பேசுறாங்க.”

“யாரு, பேயா? அதுக்கு வேற வீடு கிடைக்கலையாமா?”

“விளையாடாதீங்க. பொம்பளைக் குரல்.”

“பக்கத்து வீட்டு டி.வி.யா இருக்கும். இத்தனை லைட்டைப் போட்டுட்டு நிக்கிறப்பவே உனக்கு இவ்ளோ பயமா? போய்ச் சாப்பிட்டுத் தூங்கு.”

வைத்துவிட்டார்.

நான் அப்படியே நின்றேன். குழந்தை என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தான். திரும்பினேன். மூலையில் கம்ப்யூட்டர். திரைக்கு மேலே புள்ளியாய் ஒரு பச்சை வெளிச்சம். அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது மட்டும் எரிகிற விளக்கு அது.

“கேமரா இயக்கத்தில் உள்ளது,” என்றது ஸ்பீக்கர்.

நேற்றுதான் அதில் புது டெஸ்க்டாப் போட்டார்கள். புது டெஸ்க்டாப் என்றதும் புதுக் கம்ப்யூட்டரே வரப்போகிறது என்று நான் இடத்தையெல்லாம் துடைத்து வைத்திருந்தேன். வந்தது கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒயர் அண்ணன் மட்டும்தான். கழுத்தில் எப்போதும் மாலை மாதிரி ஒயர் தொங்கும். தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

“பெட்டி பழசுதான்மா. உள்ளே மட்டும் எல்லாத்தையும் மாத்தியிருக்கேன்,” என்றார்.

திரையில் கீழே இருந்த பட்டை மேலே போயிருந்தது. படங்கள் இடம் மாறி, எழுத்தெல்லாம் தமிழாகி, சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாத மாதிரி இருந்தது.

“இவளுக்குத் தமிழ்லயா? விளங்கிடும்,” என்று சிரித்தார் கணவர். “புதுசு. கொஞ்ச நாள் அணைக்காம ஓடட்டும்.”

அவர் குளிக்கப் போன நேரத்தில் ஒயர் அண்ணன் கிளம்பினார். வாசலில் நின்று என்னையும் குழந்தையையும் ஒரு மாதிரி பார்த்தார்.

“ஸ்பீக்கர் சத்தத்தை மட்டும் குறைச்சிடாதீங்கம்மா.”

அந்தப் பார்வை இப்போது முதுகில் ஊர்ந்தது. இவன் வேலைதான்.

சமையலறைக்குள் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு போனில் அவனைக் கூப்பிட்டேன்.

“அண்ணா... இல்ல, உங்களை அண்ணானு கூப்பிட்டதே தப்பு. என்ன வெச்சுட்டுப் போனீங்க கம்ப்யூட்டர்ல? குழந்தைக்குப் பால் குடுக்குறவ இருக்கிற வீடு இது. வெட்கமா இல்ல? போலீசுக்குப் போவேன்!”

“குரல் கேட்டுச்சாம்மா?” என்றான் மெதுவாக.

“கேட்டுச்சு.”

“அப்பாடா.”

“என்ன அப்பாடா?”

“நேத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலம்மா. வெளியில இருந்து ஒருத்தர் அந்த மிஷினுக்குள்ள வந்து உங்களைப் பாக்குறாங்க. அப்படி வெச்சுக் குடுத்தது நான்தான். முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற எவனாவது சத்தமே இல்லாம வெச்சுக் குடுத்திருப்பான். உங்க முகத்துக்கு நேரா சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதான் ஆள் உள்ளே வந்தாலும், திரையில ஒரு ஜன்னல் திறந்தாலும் மிஷினையே சொல்ல வெச்சேன். உள்ளே வர்றவங்களுக்கு அந்தக் குரல் கேக்காது. உங்களுக்கு மட்டும்தான்.”

“யாரு? யாருண்ணா அது?”

“நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. போய்ப் பிளக்கைப் பிடுங்குங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது அணைஞ்சது முதல்ல யாருக்குத் தெரியுதுன்னு மட்டும் பாருங்க.”

குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். கேமராவை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். பச்சைப் புள்ளி அணைந்தது. திரை கறுத்தது.

தெருவில் ஒரு சத்தமும் இல்லை. குழந்தைகூட அழவில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது.

“என்னடி, வீட்ல கரண்ட் போயிடுச்சா?” என்றார் கணவர்.

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“இல்லையே,” என்றேன்.

“சரி. இதோ கிளம்பி வரேன்.”

அவரிடம் ஒரு சாவி இருக்கிறது. தூங்குகிற என்னை எழுப்பாமல் அவரே திறந்துகொண்டு வரட்டும் என்று, கல்யாணமான நாளிலிருந்து நான் உள்தாழ்ப்பாள் போட்டதே இல்லை.

இன்று போட்டேன்.