ரை என்றால் அரிசி

"ஒரு வாய் எடுத்துக்குங்க தம்பி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

காதலியின் அப்பா இரண்டு பாட்டில்களை மேசையில் வைத்ததும் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. லேபிளைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஒன்று போர்பன், இன்னொன்று ரை. இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்த அசல் சரக்கு.

"பழக்கமில்ல அங்கிள். போர்பன்னா பிஸ்கெட்டுன்னுல்ல நினைச்சேன்" என்றான்.

எல்லாம் காதலி சொல்லிக்கொடுத்த பாடம். "அப்பா நல்லா ஆழம் பார்ப்பாரு, மாட்டிக்காத. அவரு வேண்டாம்னுட்டா அம்மாவால கூட ஒண்ணும் பண்ண முடியாது" என்று லிஃப்டில் வரும்போதே எச்சரித்திருந்தாள். இப்போது சமையலறையில் அம்மாவோடு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அவன் பாடுதான் பாவம். நண்பர்கள் மத்தியில் அவன் பெயரே 'மூக்கு'. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும், முகர்ந்து பார்த்தே எது போர்பன், எது ரை என்று சொல்லிவிடுவான்.

"பிஸ்கெட் இல்ல தம்பி, விஸ்கி. போர்பனை பார்லியில செய்வாங்க."

மக்காச்சோளம் என்று சொல்ல வந்த வாயைத் தண்ணீர் குடித்து அடைத்தான்.

"இந்த ரை இருக்கே, இது அரிசி. ரைஸைத்தான் சுருக்கமா ரைன்னு சொல்றாங்க."

"ஓ, அப்படியா அங்கிள்?"

ரை என்பது கோதுமைக்குப் பங்காளி முறையாகும் தனித் தானியம். இந்த மனிதருக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று நொந்துகொண்டான்.

"மோந்து பாருங்க. வெனிலா வாசனை வருதா? கடைசியில ரெண்டு மூடி எசன்ஸ் ஊத்துவாங்க."

உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து வாங்கிய வாசனை அது. அவனுக்கு அழுகையே வந்தது.

"எனக்கு இருமல் மருந்து மாதிரி இருக்கு அங்கிள்" என்று முகத்தைச் சுளித்தான். மனசாட்சி உள்ளே ஓங்கி ஓர் அறை விட்டது.

பெரியவர் விடுவதாக இல்லை. உயரமான டம்ளரில் ரையை ஊற்றினார். விளிம்புவரை ஐஸ் போட்டார். பிறகு ஆரஞ்சு சோடாவைத் திறந்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்தார்.

அவன் மேசைக்கடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம்தான், கல்யாணம் முக்கியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கலர் நல்லாயிருக்கு அங்கிள்" என்றான்.

சோடா மொத்தமும் இறங்கியது. பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். ஜெயித்துவிட்டோம் என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"தங்கமான பையன்தானேப்பா? ஒரு சொட்டுகூடத் தொடலயே, பாத்தீங்களா?" காதலியின் குரல் கேட்டது.

"இவன் வேண்டாம்மா."

"ஏம்பா?"

"இந்த விஷயத்துல அவன் புலின்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உட்கார வெச்சேன். கண்ணு முன்னாடியே நல்ல ரையில ஆரஞ்சு சோடாவை ஊத்துறேன், 'ஐயோ, நிறுத்துங்க'ன்னு ஒரு வார்த்தை வரல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா மட்டும் வாயைத் திறக்கப்போறானா?"