எடுக்கக் கூடாத ஃபோன்

“அந்தச் சனியனை அணைச்சுத் தொலைங்களேன்” என்று அப்பா குளியலறையிலிருந்து கத்தினார்.

தாத்தாவின் ஃபோன். அவர் போய் ஒன்பது நாளாகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு தடவை அடிக்கும், நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று. ஏழு மணிவரை இதே தொல்லை.

ஒன்பது மணிக்குத் தாத்தாவுக்கு நினைவுக் கூட்டம். இருபத்தாறு வருஷம் குடியிருப்போர் சங்கச் செயலாளர். எங்கள் ஷூவுக்கெல்லாம் பாலிஷ் போட்டுவிட்டு அடுத்த தெருக் குழாய் உடைப்பைப் பார்க்க ஓடுகிற ஆள். குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டும். பேச என்ன, அப்பா எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான். எல்லா வேலையும் என் தலையில்தான் விடியும்.

அத்தை ஃபோனை எடுத்துப் பார்த்தாள். “இது என்னடி பேரு? ‘ஆறு பத்து’, ‘ஆறு இருபது’, ‘ஆறரை’... ஒண்ணுகூட மனுஷப் பேரா இல்லையே.”

“திருப்பிக் கூப்பிட்டுப் பாருங்க.”

கூப்பிட்டாள். அடுத்த நொடி, சுட்டுவிட்ட மாதிரி ஃபோனை மேஜையில் போட்டாள்.

“பொம்பளைக் குரல். ‘எடுக்கவும் கூடாது, திருப்பிக் கூப்பிடவும் கூடாதுன்னுதானே பேச்சு’ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.” அப்பா பக்கம் திரும்பினாள். “அண்ணா, நம்ம அப்பா காலையில வாக்கிங்னு கிளம்பினதெல்லாம் இதுக்குத்தானா?”

“வாயைக் கழுவு. கூட்டத்துல யார் காதுலயாவது விழுந்தா வெளியில தலை காட்ட முடியாது.” அப்பா ஃபோனை என் கையில் திணித்தார். “சிம்மைக் கழட்டி உடைச்சுப் போடு.”

பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருப்பது எனக்கு ஒத்துவராது. மாடிப்படிக்குப் போய் அதே எண்ணைக் கூப்பிட்டேன்.

“மறுபடியுமா?” என்றது குரல். வயதான குரல்.

“பேத்தி பேசறேன். எங்க தாத்தாவுக்கு நீங்க யாரு?”

அவள் சிரித்தாள். “கேள்வியைப் பாரு. மூட்டுவலிக்காரிம்மா. தனியா இருக்கேன். என்னை மாதிரி ஏழு பேர் இருக்கோம். கண்ணு முழிச்சதும் அவங்கவங்க நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால். அடிச்சா உயிரோட இருக்கோம்னு அர்த்தம். அடிக்கலைன்னா உங்க தாத்தா வந்து கதவைத் தட்டுவாரு.”

“அவர்தான் இல்லையே. இன்னும் எதுக்கு அடிக்கறீங்க?”



“மணி அடிக்குதேம்மா. வீட்டுல யாரோ பார்த்துக்கறாங்கன்னு நினைச்சோம்.”

நேற்று அந்த ஃபோனைத் தலையணைக்கு அடியில் அமுக்கி வைத்தது நான்தான்.

இன்று வந்த அழைப்புகளை எண்ணினேன். ஆறுதான். ‘ஏழு மணி’யைக் காணோம். இப்போது ஏழு நாற்பது.

“ஏழு மணி யாரு?”

“ஐயோ, டிரைவர். லாண்டரிக்கு மேல ரெண்டாவது மாடி. கதவைத் தாழ் போடக் கூடாதுன்னு உங்க தாத்தா உத்தரவு. ஓடு.”

தலைகூட வாராமல் ஓடினேன்.

கதவு தள்ளியதும் திறந்துகொண்டது. குளியலறை ஈரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். கால் ஒரு மாதிரி திரும்பியிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

“உங்க தாத்தான்னா ஏழு பத்துக்கே வந்திருப்பாரு” என்றார்.

“சாரி தாத்தா.”

“அழாத. முதல்ல அந்தத் துண்டை எடுத்து மேல போடு. அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”

இடுப்பெலும்பு முறிவு. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கூட வந்தவர் எங்கும் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

ஒன்பது இருபதுக்கு அப்பா என் ஃபோனுக்குக் கூப்பிட்டார். “எங்கடி இருக்க? மைக்குல மூணு தடவை கூப்பிட்டாச்சு.”

“ஆஸ்பத்திரியில இருக்கேன்ப்பா.”

“ஆஸ்பத்திரியா? யாருக்கு என்ன?”

“ஏழு மணிக்கு.”

“ஏழு மணிக்கு என்னடி? உளறாம விஷயத்தைச் சொல்லு.”

அதற்குள் நர்ஸ் கூப்பிட, வைத்துவிட்டேன்.

அப்பா எழுதிக் கொடுத்த தாள் என் பையில் கசங்கிக் கிடந்தது. கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்: ‘அன்னாரது பணியை எங்கள் குடும்பம் என்றும் தொடரும்.’

அந்த வரியை மட்டும் கூட்டத்தைப் பார்த்து, நிறுத்தி, இரண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருந்தார்.

ஒரு தடவைகூட வாசிக்கவில்லை.